ஜோபர்க் – டர்பன் புல்லட் ரயில்: வண்டி சரி, கடன் யார் தலைல?

மிட்ரேண்ட் குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். வாட்ஸாப் குரூப்ல நம்ம தென்னாப்பிரிக்காவுக்கு ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்)–டர்பன் புல்லட் ரயில் வேணுமாங்கற பேச்சு திரும்ப கிளம்பிருக்கு, அங்க நாலு வரிக்கு மேல போனா யாரும் படிக்கறதில்ல, அதனால இங்க இழையா போடறேன். 2010லயே அப்போ போக்குவரத்து மந்திரியா இருந்த சிபுசிசோ ண்டெபெலே ஜோபர்க்–டர்பன் அதிவேக ரயில்னு பேசினார். 2019 ஜூன்ல ஜனாதிபதி ராமபோசா பார்லிமென்ட் உரைல கேப்டவுன்லேர்ந்து ஜோபர்க் வழியா வடக்கு எல்லைல இருக்கற முசினா வரைக்கும் புல்லட் ரயில் ஓடற நாட்டை கற்பனை பண்ணிப் பாருங்கன்னார். 2022 மார்ச்ல தேசிய ரயில் கொள்கைக்கு கேபினட் ஒப்புதல் குடுத்துச்சு. தண்டவாளம் ஒரு கிலோமீட்டர் கூட போடல.

எனக்கு இந்த லைன் வேணும். ஆனா பேசறவங்க எல்லாம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர், சைனா வண்டியா ஜப்பான் வண்டியான்னே பேசறாங்க, கடன் எந்த கரன்சில, ஆள் ஏறலைன்னா நஷ்டம் யாருக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. சும்மா ஒரு கணக்குக்கு மொத்த செலவு 30,000 கோடி ராண்ட்னு வெச்சுக்குங்க (இது அரசாங்கம் சொன்ன எண் இல்ல, கணக்கு புரியறதுக்காக நான் போட்டது). நம்ம அரசாங்கம் ராண்ட்ல வாங்கற நீண்டகால கடனுக்கு வட்டி பத்து சதவீதம்னு வெச்சுக்குங்க. அப்போ வட்டி மட்டும் வருஷத்துக்கு 3,000 கோடி. வருஷத்துக்கு 50 லட்சம் பேர் ஏறினாங்கன்னா ஒவ்வொரு டிக்கெட்டுலயும் 6,000 ராண்ட் வட்டிக்கே போகும், அசல், கரண்ட், சம்பளம், ரிப்பேர் எதுவும் இதுல சேரல. அவ்ளோ குடுத்து யார் போவா? டிக்கெட் காசுல கட்டின கடன் அடையும்னு எந்த கன்சல்டன்ட் சொன்னாலும் நம்பாதீங்க. தண்டவாளத்துக்கான காசு வரிப்பணத்துலேர்ந்தோ ரொம்ப குறைஞ்ச வட்டி கடன்லேர்ந்தோதான் வந்தாகணும்.

லென்ஸ் தம்பி:
அண்ணா கணக்கு சரி ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, எங்க லெனேசியா ஸ்டேஷன்ல மெட்ரோரெயில் (தினமும் வேலைக்கு போற ஜனங்களோட லோக்கல் வண்டி) ஒழுங்கா வரட்டும் அப்புறம் புல்லட் பேசலாம். என் அம்மா சின்ன வயசுல அந்த வண்டில டவுனுக்கு வேலைக்கு போனவங்க. 2020 லாக்டவுன்ல காவல் இல்லாம போய் மேல ஓடற கேபிள் மொதல் ஸ்டேஷன் கூரை, ஜன்னல், கழிவறை பைப் வரைக்கும் கழட்டிட்டு போனாங்க, நாடு பூரா அதே கதை. 2010 வாக்குல வருஷத்துக்கு 50 கோடி பயணம் நடந்த மெட்ரோரெயில் அந்த ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட செத்தே போச்சு. இப்போ கொஞ்சம் கொஞ்சமா லைன் திறக்கறாங்க. ஆனா காலைல அஞ்சு மணிக்கு மினிபஸ் டாக்ஸி ரேங்க்ல நிக்கறவன் எவனும் டர்பனுக்கு மூணு மணி நேரத்துல போகணும்னு கேக்கல. மெட்ரோரெயில நடத்தற அரசாங்க கம்பெனி பிராசா டீசல் எஞ்சின் வாங்கினாங்களே, உயரம் அதிகமாகி 2017ல கோர்ட் ஒப்பந்தத்தையே ரத்து பண்ணுச்சே, அந்த கைகள்ல திரும்ப காசு குடுக்கணுமா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி நீ சொல்றது நியாயம்தான். ஆனா டர்பன் பக்கத்துலேர்ந்து பாரு. என் பெரியவன் ஜோபர்க்ல வேலை, தைப்பூசம், ஈஸ்டர், கல்யாணம் எதுன்னாலும் ஜோபர்க்–டர்பன் ஹைவே என்3 ரோடுதான். 2024 செப்டம்பர்ல அந்த ரோட்டுல வான் ரீனன் கணவாய்ல பனி கொட்டுச்சே, அன்னைக்கு அவனும் மருமகளும் கைக்குழந்தையும் ஹாரிஸ்மித்துக்கு இந்தப் பக்கம் ராத்திரி பூரா கார்ல மாட்டிக்கிட்டாங்க. முன்னாடி ஒரு லாரி குறுக்க திரும்பி நிக்குது, பின்னாடி கண்ணுக்கு எட்டற வரைக்கும் வண்டி. பெட்ரோல் தீந்துடும்னு ஹீட்டர அரை மணிக்கு ஒரு தடவ போட்டு அணைச்சிருக்காங்க, குழந்தைக்கு பால் கலக்க சுடுதண்ணி பக்கத்து கார்ல இருந்த ஒரு ஜூலு பாட்டிதான் ஃப்ளாஸ்க்லேர்ந்து குடுத்தாங்களாம். ஃபோன்ல சார்ஜ் தீந்து பேச்சு நின்னதும் எனக்கு உசிரே இல்ல. ப்ளேன்ல வரலாம்தான், ஆனா 2022ல குலுலாங்கற மலிவு ப்ளேன் சர்வீஸ நடத்தின காமேர் கம்பெனி மூடினதுலேர்ந்து பண்டிகை நேரத்து டிக்கெட் விலைய பாத்தா நாலு பேர் குடும்பம் எப்படி வரும்?

இன்னொண்ணு. இந்த நாட்டோட முதல் ரயிலே டர்பன்லதான் ஓடுச்சு, 1860 ஜூன் 26, பாயின்ட்லேர்ந்து மார்க்கெட் வரைக்கும். அதே வருஷம் நவம்பர் 16ல மதராஸ்லேர்ந்து நம்ம சனத்த ஒப்பந்தக் கூலிகளா ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் வந்துச்சு. அப்புறம் நேட்டால் ரயில்வேல கூலிக்கு வேலை செஞ்சவங்கள்ல நம்ம சனம் நிறைய பேர். எங்க கொள்ளுத்தாத்தாவும் ரயில்வே பாரக்ஸ்ல இருந்தவர்தான். அதனால இது பணக்காரன் விளையாட்டுன்னு ஒதுக்க எனக்கு மனசு வரல.

பாலம் சார்:
சிவில் எஞ்சினியரா சில விஷயம் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நம்ம பழைய லைன் 1067 மில்லிமீட்டர் அகலம், கேப் கேஜ். ஜோபர்க் 1,700 மீட்டருக்கு மேல, டர்பன் கடல் மட்டம். அந்தக் காலத்துல குகைக்கு காசில்லாம மலைய சுத்தி சுத்தி வளைச்சு போட்டாங்க, அதனால ரோட்டுல 570 கிலோமீட்டர்ங்கறது ரயில்ல 700ஐ தாண்டுது, ஷோஷோலோசா மெயில் நல்லா ஓடின நாள்லயே ராத்திரி பூரா ஆச்சு. இந்த வளைவுல எவ்ளோ நல்ல வண்டி விட்டாலும் வேகம் வராது. 300ல ஓடணும்னா வளைவோட ஆரம் 4 கிலோமீட்டராவது வேணும். அதனால புது வழி, 1435 ஸ்டாண்டர்ட் கேஜ், இதுல பேச்சுக்கே இடமில்ல. ஜப்பானும் இதே 1067 நாடுதான், 1964ல டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென 515 கிலோமீட்டர் தனியா 1435ல போட்டாங்க. தைவான், இந்தோனேசியா ரெண்டும் அப்படியே.

இதுல ஒரு கஷ்டம் இருக்கு. மொரோக்கோ 2018ல அல் போராக் விட்டாங்க, ஆப்பிரிக்காவோட முதல் அதிவேக ரயில். புது லைன் டாஞ்சியர்லேர்ந்து கெனிட்ரா வரைக்கும்தான், அங்க 320ல ஓடும், அதுக்கப்புறம் கசாபிளாங்கா வரைக்கும் அதே வண்டி பழைய லைன்ல மெதுவா போகும். பழைய லைனும் 1435ங்கறதால பாதி லைன் கட்டினதுக்கே முழு பலன் கிடைச்சுது. நமக்கு அந்த வசதி கிடையாது. கேஜ் மாத்தற வண்டி ஸ்பெயின்ல ஓடுது, ஆனா 1067க்கும் 1435க்கும் நடுவுல மாத்தற வண்டிய ஜப்பான்லயே வருஷக்கணக்கா சோதிச்சுட்டு க்யூஷூ பக்கம் கைவிட்டுட்டாங்க. நாம அதுல காசு விடக்கூடாது.

ஏத்தம்: பயணிகள் வண்டி மட்டும்னா 3.5, 4 சதவீத ஏத்தம் கூட ஏறும், ஜெர்மனில கொலோன்–ஃபிராங்க்ஃபர்ட் லைன் அப்படித்தான். கன்டெய்னரும் அதே லைன்ல ஓடணும்னு சேத்தா ஏத்தம் ஒண்ணு ஒண்ணரை சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, அப்போ குகை நீளம் எங்கேயோ போயிடும். மந்திரிங்க மேடைல ஆளும் சரக்கும் ஒரே லைன்ல போகும்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு வயித்த கலக்குது. அந்த ஒரு வார்த்தைல செலவு எவ்ளோ ஏறும்னு தெரிஞ்சுதான் சொல்றாங்களா?

மிட்ரேண்ட் குமரன்:
சார் அருமை, இதுக்குத்தான் இழை போட்டேன். தம்பி கேட்டதுக்கு வர்றேன், அதுக்கு ஜோபர்க், பிரிட்டோரியா, ஏர்போர்ட்ட இணைக்கற கௌட்ரெயின் கதைய முழுசா பாக்கணும், நான் தினமும் மிட்ரேண்ட்ல ஏறி சாண்ட்டன்ல இறங்கறவன். வண்டி சுத்தமா இருக்கு, நேரத்துக்கு வருது, சுயிங்கம் மென்னா கூட ஃபைன் போடறாங்க, அதுல குறையே இல்ல. 80 கிலோமீட்டர், 10 ஸ்டேஷன், 160ல ஓடுது. ஆரம்பத்துல 700 கோடி ராண்ட்னு பேச்சு, 2006ல பொம்பேலா கூட்டமைப்போட கையெழுத்து ஆகும்போது 2,500 கோடி. அதுல பெரும்பங்கு அரசாங்க காசு. தனியார் போட்டது சின்ன பங்குதான், ஆனா வெளில பேர் பப்ளிக்–பிரைவேட்.

முக்கியமான சங்கதி அந்த ஒப்பந்தத்துல இருந்த பயணிகள் உத்தரவாதம். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு கீழ ஆள் ஏறினா குறைஞ்ச வருமானத்த ஜோபர்க் இருக்கற கௌட்டெங் மாகாணம் கட்டணும்னு. முதல்லேர்ந்தே ஆள் அந்த அளவுக்கு ஏறல, வருஷத்துக்கு 100 கோடி ராண்டுக்கு மேல போச்சு, கோவிட்ல இன்னும் கூடுச்சு. லாபம் வந்தா கம்பெனிக்கு, ஆள் வரலைன்னா மாகாணத்துக்கு. ஏர்போர்ட்லேர்ந்து சாண்ட்டன் வர 200 ராண்டுக்கு மேல டிக்கெட், டெம்பிசா டவுன்ஷிப்ல இருக்கற ஏழை எப்படி ஏறுவான்? ஒப்பந்தம் 19½ வருஷம், 2026 மார்ச் வரைக்கும்னு போட்டது. டர்பன் லைனுக்கு யாராவது இதே மாதிரி உத்தரவாதத்த எழுதினாங்கன்னா அன்னைக்கே நாம எல்லாரும் எதிர்த்து எழுதணும். 80 கிலோமீட்டருக்கே இவ்ளோன்னா 570க்கு எங்க போறது.

தைவான்ல தலைகீழா பண்ணினாங்க, முழுக்க தனியாரே கட்டி ஓட்டி 35 வருஷம் கழிச்சு அரசாங்கத்துக்கு குடுக்கணும்னு. 2007ல ஓட ஆரம்பிச்சுது, நல்ல வண்டி, கூட்டமும் வந்துச்சு, ஆனா வட்டிலயும் தேய்மானத்துலயும் மூழ்கி கடைசில அரசாங்கமே பெரிய பங்குதாரர் ஆகி 2015ல காலத்த 70 வருஷமா நீட்டினாங்க. சுத்தி வளைச்சு எல்லாம் அரசாங்கத்து தலைலதான் வந்து விழுது. விழப்போறது உறுதின்னா மொதல்லயே தண்டவாளம் அரசாங்கத்துதுன்னு வெச்சு, வண்டி ஓட்டறத மட்டும் ஏலத்துல விடலாம். அரசாங்க கம்பெனி டிரான்ஸ்நெட்டோட சரக்கு லைன்ல வண்டி ஓட்ட 2025 ஆகஸ்ட்ல 11 தனியார் கம்பெனிகள தேர்ந்தெடுத்துட்டாங்க, அந்த வழி இந்த நாட்டுக்கு ஒண்ணும் புதுசில்ல.

வெருளம் மணி:
வெளிநாட்டு கடன் வாங்கலாமே ப்ரோ? இந்தியால மும்பை–அகமதாபாத்துக்கு ஜப்பான் 0.1 சதவீத வட்டில 50 வருஷத்துக்கு குடுத்திருக்கான், முதல் 15 வருஷம் அசல் கட்ட வேண்டாம். நமக்கும் பிரிக்ஸ் பேங்க், சைனா எல்லாம் இருக்கே

மிட்ரேண்ட் குமரன்:
மணி, வட்டி குறைவுதான், ஆனா கரன்சிய பாரு. 2010ல ஒரு டாலருக்கு 7 ராண்ட் சொச்சம், 2024ல 18 கிட்ட. ண்டெபெலே பேசின வருஷமே டாலர்ல கடன் வாங்கி கட்டிருந்தோம்னா அசலே ராண்ட் கணக்குல ரெண்டரை மடங்கு ஆகிருக்கும். டிக்கெட் விக்கறது ராண்ட்ல, கடன் அடைக்கறது டாலர்லயோ யென்லயோ. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கற மாதிரி ஆள் குறைஞ்சாலும் அடி, ராண்ட் சரிஞ்சாலும் அடி. கென்யா மொம்பாசா–நைரோபி லைன் 2017ல திறந்தாங்க, பெரும்பங்கு சைனா எக்சிம் பேங்க் கடன், அந்த தவணைதான் இன்னைக்கும் அவங்க பட்ஜெட்ட பிடிச்சு ஆட்டுது. இந்தோனேசியால ஜகார்த்தா–பாண்டுங் வெறும் 142 கிலோமீட்டர், 700 கோடி டாலருக்கு மேல, முக்கால்வாசி சைனா கடன், இப்போ எப்படி அடைக்கறதுன்னு திண்டாடறாங்க.

வெளிநாட்டு கடனே கூடாதுன்னு நான் சொல்லல. வண்டி, சிக்னல் மாதிரி வெளிலேர்ந்தே வாங்கியாகவேண்டிய சாமானுக்கு அந்த கடன் எடுக்கலாம். மண் வெட்டறது, பாலம், குகை, நிலம் இதெல்லாம் ராண்ட்ல நடக்கற செலவு, செலவுல பெரும்பகுதியும் அதுதான், அதுக்கு ராண்ட்லயே பட்ஜெட்லேர்ந்து வருஷா வருஷம் ஒதுக்கி மெதுவா, கட்டங்கட்டமா கட்டணும். ஜப்பானே 1964 லைனுக்கு உலக வங்கிகிட்ட 8 கோடி டாலர்தான் வாங்கினான், மீதி உள்ளூர் காசு. அப்படியும் செலவு ஏறக்குறைய ரெட்டிப்பாகி ரயில்வே தலைவர் சோகோ திறப்பு விழாவுக்கு முன்னாடியே பதவி விலகினார்.

போர்ட்லூயி செல்வம்:
மொரீஷியஸ்லேர்ந்து ஒரு வார்த்தை. எங்க ஊர்ல பழைய ரயில் 1964ல மொத்தமா நின்னுச்சு. மெட்ரோ எக்ஸ்பிரஸ் 2019 கடைசில ஆரம்பிச்சு 2022ல க்யூர்பீப் வரைக்கும் போச்சு. இந்தியா குடுத்த மானியமும் கடனும் சேந்துதான் கட்டுச்சு, கட்டினது எல் அண்ட் டி. மானியம் இருந்தும் ஓட்டற செலவுக்கு டிக்கெட் காசு பத்தல, கடன் தவணை தலைவலி. ஆனா க்யூர்பீப்லேர்ந்து காலைல போர்ட்லூயிக்கு பஸ்ல வெந்து போனவங்கள கேளுங்க, எடுத்துடுங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஸ்டேஷன் பக்கத்து நில விலை ஏறினதுல அரசாங்கத்துக்கு எவ்ளோ திரும்பி வந்துச்சுன்னு கேட்டா அதுதான் வருத்தம், ஏறினது எல்லாம் ஏற்கனவே நிலம் வெச்சிருந்தவங்களுக்குத்தான் போச்சு. நீங்க அத மொதல்லயே எழுதி வாங்குங்க.

சாட்ஸ்வொர்த் அக்கா:
செல்வம் நிலம்னு சொன்னதும் எனக்கு பயம் வருது. எங்க அப்பா வீடு கேட்டோ மேனர்ல இருந்துச்சு, இனத்துக்கு இனம் ஏரியா பிரிச்ச நிறவெறி காலத்து குரூப் ஏரியாஸ் சட்டத்துல பிடுங்கி சாட்ஸ்வொர்த்துக்கு தள்ளினாங்க. வாழைத்தோட்டம், கிணறு எல்லாம் போச்சு, குடுத்த காசு ஒரு மூலைக்கும் காணல. இப்போ லைன் டர்பன் ஏர்போர்ட் வரைக்கும் வந்தா அது வெருளம், டோங்காட் பக்கத்து சின்ன தோட்டக்காரங்க வழியாவும் ஜூலு ராஜா பொறுப்புல உள்ள இங்கோன்யாமா டிரஸ்ட் நிலத்துல குடியிருக்கறவங்க வழியாவும்தான் போகும். பட்டா கைல இல்லாதவங்களுக்கு என்ன குடுப்பாங்க? லைன் வேணும்னு நான்தான் சொன்னேன், ஆனா இதுக்கு பதில் இல்லாம வேணாம்.

பாலம் சார்:
அக்கா கேள்வி எஞ்சினியரிங் கேள்வியும் கூட. மும்பை–அகமதாபாத்ல 2017ல அடிக்கல் வெச்சும் மகாராஷ்டிரா பக்கம் நிலம் கிடைக்காமலே வருஷங்கள் போச்சு, அந்த தாமதத்துக்கு வட்டியும் விலையேத்தமும் தனி. நிலத்த முழுசா பேசி முடிச்சு காசு குடுத்துட்டு அப்புறம் டெண்டர் விடணும். இங்க வழக்கம் என்னன்னா டெண்டர் மொதல்ல, நிலம் அப்புறம், காண்ட்ராக்டர் கைய கட்டிட்டு உக்காந்து தாமத பணம் கேப்பான்.

குமரன், கட்டங்கட்டமா கட்டலாம்னு சொல்றீங்க, எங்க ஆரம்பிப்பீங்க? செலவ பாத்தா மேல இருந்துதான் ஆரம்பிக்கணும், ஹெய்டல்பர்க்லேர்ந்து வார்டன் வரைக்கும் தட்டையான நிலம், சோளக்காடு, மலிவு. கீழ டர்பன்–மாரிட்ஸ்பர்க் 80 கிலோமீட்டர் பள்ளத்தாக்கும் மேடுமா இருக்கு, அதுதான் இருக்கறதுலயே விலை அதிகம். 2022 ஏப்ரல் வெள்ளத்துல கேட்டோ ரிட்ஜ் பக்கம் ரயில் லைன் அடிச்சுட்டு போனத நான் நேர்ல போய் பாத்தேன். கரை மண் மொத்தமா கரைஞ்சு தண்டவாளம் ஸ்லீப்பரோட அந்தரத்துல தொங்குது, கீழ எட்டிப் பாத்தா ரெண்டு மாடி ஆழத்துக்கு சேறு. அந்த மண்ல கட்டறதுன்னா வடிகாலுக்கே தனி பட்ஜெட் வேணும்.

மிட்ரேண்ட் குமரன்:
சார், அதே 80 கிலோமீட்டர்லதான் ஆரம்பிக்கணும்ங்கறேன். டர்பன் டவுன்–பைன்டவுன்–மாரிட்ஸ்பர்க், கூடவே இந்தப் பக்கம் கிங் ஷாக்கா ஏர்போர்ட் வரைக்கும் நீட்டி. கலிஃபோர்னியால 2008ல ஜனங்க ஓட்டு போட்டு அதிவேக ரயிலுக்கான கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் குடுத்தாங்க, மலிவா இருக்குன்னு நடு பள்ளத்தாக்குல ஆரம்பிச்சாங்க, லாஸ் ஏஞ்சலஸும் சான்ஃபிரான்சிஸ்கோவும் ரெண்டு பக்கமும் இன்னும் எட்டாத தூரத்துல நிக்குது. வார்டன்லேர்ந்து ஹெய்டல்பர்க்குக்கு தினமும் யார் போறா? மாரிட்ஸ்பர்க்–டர்பன்ல வேலைக்கும் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தினமும் ஆள் போறாங்க, என்3ல டவுன் ஹில் ஏத்தத்துல ஒரு லாரி கவுந்தா ஊரே நிக்குது. மீதி லைன் வரவே இல்லைன்னாலும் இது வீணாகாது. அங்க 300 வேகம் தேவையே இல்ல, 160–200 போதும், ஆனா வளைவையும் ஏத்தத்தையும் மட்டும் பின்னாடி வேகமான வண்டி வர்றதுக்கு ஏத்த மாதிரி இப்பவே போட்டுடணும்.

லென்ஸ் தம்பி:
இது பரவால்ல, இதுல எனக்கும் சம்மதம். ஆனா ரெண்டு நிபந்தனை. மெட்ரோரெயில் பட்ஜெட்லேர்ந்து ஒரு ராண்ட் கூட இதுக்கு மாத்தக்கூடாது, மாத்தினா கௌட்ரெயின் கதைதான், சாண்ட்டனுக்கு ஏசி வண்டி, எங்களுக்கு உடைஞ்ச ஸ்டேஷன். குவாண்டெபெலே ஜனங்க ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு எழுந்து மொலோட்டோ ரோட்டுல பிரிட்டோரியாவுக்கு பஸ் பிடிக்கறாங்க, அங்க ரயில் போடறோம்னு எவ்ளோ வருஷமா சொல்லி கடைசில ரோட்டதான் அகலம் பண்றாங்க. ரெண்டாவது டாக்ஸிக்காரங்க. கோ டர்பன் பஸ் திட்டம் அவங்களோட பேச்சு முடியாமலே எத்தனை வருஷம் இழுத்துச்சு. ஸ்டேஷன்லேர்ந்து ஊருக்குள்ள கொண்டு போற வேலைய ஒப்பந்தத்துலயே அவங்களுக்கு குடுத்துடணும், வேற பஸ் கம்பெனிய உள்ள விட்டா சண்டைதான்.

வெருளம் மணி:
அப்போ அந்த முதல் கட்டத்துக்கு காசு? பெட்ரோல் மேல போடற லெவி வரிலேர்ந்து எடுக்கலாமா

மிட்ரேண்ட் குமரன்:
ஏற்கனவே பொது லெவி போகுது, 2025ல லிட்டருக்கு ஏறக்குறைய 4 ராண்ட், ஆனா அது ரோட்டுக்கோ ரயிலுக்கோன்னு ஒதுக்கின காசில்ல, கஜானால கலந்துடுது. புதுசா ஒரு கட்டணம்னு போட்டா கௌட்டெங் ஹைவே சுங்கம் இ–டோல் மாதிரி ஜனங்க கட்ட மாட்டாங்க, 2013 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2024 ஏப்ரல்ல மூடியே ஆக வேண்டியதாச்சு, அந்த கடன்ல 30 சதவீதம் இப்போ கௌட்டெங் கட்டுது. அதனால புது கட்டணம் வேண்டாம். இருக்கற லெவில ஒரு சின்ன பங்க சட்டம் போட்டு ரயிலுக்குன்னு கட்டி வெக்கணும், ஒரு பட்ஜெட்ல குடுத்து அடுத்ததுல பிடுங்காத மாதிரி. கூடவே செல்வம் சொன்ன நில விஷயம்: ஸ்டேஷன் எங்கன்னு அறிவிக்கறதுக்கு முன்னாடியே சுத்தி உள்ள நிலத்த நகராட்சி பேர்ல எடுத்து, கட்டடம் கட்ட வாடகைக்கு விடணும், விக்கக்கூடாது. ஹாங்காங் மெட்ரோ எம்டிஆரும் ஸ்டேஷன் பக்கத்து நிலத்துல வர்ற வருமானத்த வெச்சுத்தான் லைன் கட்டுது. ரோஸ்பேங்க்லயும் சாண்ட்டன்லயும் கௌட்ரெயின் வந்தப்புறம் எழும்பின கட்டடங்கள பாருங்க, அந்த ஏத்தத்துல ஒரு பங்கு மாகாணத்துக்கு வந்திருந்தா உத்தரவாத பணத்துல கொஞ்சமாவது அடைஞ்சிருக்கும்.

அக்கா கேட்டதுக்கு: பட்டா இல்லாதவங்களுக்கும் குடியிருப்பு உரிமைய வெச்சு வீட்டுக்கு வீடு, அதே வட்டாரத்துலயே, லைன் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. காசா மட்டும் குடுத்து அனுப்பக்கூடாது.

சாட்ஸ்வொர்த் அக்கா:
அதே வட்டாரத்துலன்னு எழுத்துல வரணும் குமரன். அப்படி வந்தா நானே எங்க கோயில் கமிட்டில எல்லாரையும் கையெழுத்து போட வெக்கறேன்.

பாலம் சார்:
நான் கேட்டோ ரிட்ஜ்லேர்ந்து மாரிட்ஸ்பர்க் வரைக்கும் ரெண்டு வழி வரைஞ்சு வெச்சிருக்கேன், ஒண்ணு என்3 ஓரமா, ஒண்ணு வடக்கால டேபிள் மவுண்டன் பக்கம் (கேப்டவுனோடது இல்ல, நம்ம நேட்டாலோடது). ஞாயித்துக்கிழமைக்குள்ள படம் ஏத்தறேன். குமரன் நீங்க அந்த வட்டி கணக்க ரெண்டு மூணு வட்டி வீதத்துக்கு போட்டு குடுங்க, ரெண்டையும் சேத்து மாகாண போக்குவரத்து துறைக்கும் நம்ம வார்டு கவுன்சிலருக்கும் அனுப்பலாம்.